எந்த நட்டு புதிது, எது பழையது: சுங்கை சிப்புட்டில் ஒரு டிரைவ்ஷாஃப்ட் வேலை

கியர் பெட்டியின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிரைவ்ஷாஃப்டை மாற்றித் தரும் பட்டறைகளுக்கு நம் தோட்டப்புற ஊர்களில் பஞ்சமில்லை. ஆனால் ஷாஃப்டைக் கழற்றும்போது கைக்கு வரும் நட்டு, கோட்டர் பின், சர்க்லிப், கிளாம்ப் ஆகியவற்றில் எதைக் குப்பையில் போட வேண்டும், எதைத் துடைத்துத் திரும்பப் பூட்டலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, காரணம் சொல்லிச் செய்கிறவர்கள் மிகச் சிலரே. சுங்கை சிப்புட்டில் லிந்தாங் போகும் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு சிறிய பட்டறை அதைச் செய்கிறது என்பதால்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடையின் பெயரையும் தம் பெயரையும் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். உள்ளூர்க்காரர்களுக்கு அடையாளம் தெரியும். வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டுக் கடையில் விசாரித்தாலே வழி காட்டுவார்கள்.

என்னுடையது 2007க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா வியோஸ். செம்பனைத் தோட்டங்களுக்குள் செம்மண் பாதையில் ஓடுகிற கார்; குலை ஏற்றிய லாரிகள் பறித்துவிட்ட பள்ளங்களில் தினமும் இறங்கி ஏறுகிற கார். இப்படி ஓடும் முன்சக்கர இயக்கக் கார்களில் ஷாஃப்ட் வளைந்தபடியே சுழல உதவும் இணைப்பான சிவி ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிவது புதுமையல்ல. பூட் கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், சில மாதங்களில் வண்டியை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வரத் தொடங்கும். எனக்கு அந்தச் சத்தம் இடது பக்கத்தில் வந்தது. வலது பக்க ஷாஃப்டை அதற்கு முன்பே வேறோர் ஊரில் மாற்றியிருந்தேன். அந்தப் பக்கத்தில் சத்தம் நின்றிருந்தாலும், நெடுஞ்சாலையில் வேகம் கூடக் கூட ஓர் இரைச்சல் எழுந்துகொண்டிருந்தது. இரண்டையும் பார்க்கும்படி கேட்டுத்தான் இங்கே வண்டியை விட்டேன்.

பட்டறை அண்ணன் முதலில் கையை வைத்தது சத்தம் வரும் இடது பக்கத்தில் அல்ல. வலது சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தது. சக்கரத்தைக் கழற்றி, அது பூட்டப்படும் ஹப்பின் நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் துணியால் துடைத்து, கைவிளக்கைக் கிட்டே பிடித்து என்னைக் கூப்பிட்டார். அந்த நட்டுக்கு மெல்லிய கழுத்து ஒன்று உண்டு. நட்டை முறுக்கி முடித்த பிறகு, ஷாஃப்டில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் அந்தக் கழுத்தை உளியால் அடித்து மடக்கிவிடுவார்கள். அப்படி மடக்கிய இடம் ஒன்றுதான் இருக்க வேண்டும். என் நட்டில் இரண்டு இருந்தன. முதல் மடிப்பைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். அதில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. இரண்டாவது மடிப்பு பள்ளத்துக்குள் பாதிதான் இறங்கியிருந்தது. "பழைய நட்டையே திரும்பப் போட்டிருக்காங்க தம்பி. முறுக்கினதும் ஏர் கன்லதான்" என்றார் அண்ணன். நீண்ட ரெஞ்சைப் போட்டு அவர் அந்த நட்டைக் கழற்றியபோது, அவ்வளவு பெரிய நட்டு கேட்க வேண்டிய பலத்தில் பாதியைக்கூட அது கேட்கவில்லை.

இந்த நட்டு ஷாஃப்ட் நழுவி வந்துவிடாமல் பிடிக்கும் வேலையை மட்டும் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சக்கர பேரிங்கின் உயிரே இதன் இறுக்கத்தில்தான் இருக்கிறது. வியோஸ் போன்ற கார்களில் பேரிங்கின் உள்வளையம் இரண்டு துண்டுகளாக இருக்கும். ஹப் ஒரு பக்கமும் சிவி ஜாயிண்டின் தோள் மறுபக்கமும் நின்று அந்த இரு துண்டுகளையும் சேர்த்து நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தைக் கொடுப்பது இந்த ஒரே நட்டு. அது தளர்ந்தால் உள்வளையங்கள் விலகுகின்றன, குண்டுகள் தம் தடத்தில் சீராக உருள்வதில்லை, இரைச்சல் எழுகிறது, பிறகு ஆட்டம் தொடங்குகிறது. அதனால்தான் இந்த நட்டு முறுக்கப்படாத நிலையில் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்கக் கூடாது என்று தொழிற்சாலைக் கையேடுகள் எச்சரிக்கின்றன. முன்சக்கர இயக்கக் கார்களில் இதற்கான முறுக்குவிசை பெரும்பாலும் 180 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். என் காருக்கு 216. இதே காரின் சக்கர நட்டுக்கு 103 போதும் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த நடு நட்டின் மேல் எவ்வளவு பொறுப்பு ஏற்றப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

வலது பக்கத்துக்குப் புது பேரிங் போட வேண்டியதாயிற்று. ஒரு புது நட்டின் விலை இருவர் ரொட்டி சானாய் சாப்பிட்டுத் தேநீர் குடிக்கும் செலவுதான். அதை மிச்சப்படுத்தப் போய் பேரிங், அதைப் பிரஸ்ஸில் தள்ளி ஏற்றும் கூலி, மறுபடியும் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருந்தது என்று எல்லாம் என் தலையில் விழுந்தது. முந்தைய பட்டறையின் மேல் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. பணம் போனதைவிட, புது நட்டு வேண்டுமா என்று ஒரு வார்த்தை அவர்கள் கேட்கவே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இடது பக்க வேலையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வாடிக்கையாளரை உள்ளே விடாத கடைகள் உண்டு. இங்கே அப்படியில்லை, பார்க்கலாம், கேட்கலாம். நட்டின் மடிப்பைக் குறுகிய முனையுள்ள உளியால் அண்ணன் நிமிர்த்திய விதமே நிதானமாக இருந்தது. உளியை மரையின் மேல் படாமல் பள்ளத்துக்குள் சாய்த்து வைத்து, சிறு சிறு தட்டாகத் தட்டி, மடிப்பு முழுவதும் பள்ளத்தைவிட்டு எழும்பிய பிறகுதான் ரெஞ்சை வைத்தார். மடிப்பு பாதி உள்ளேயே இருக்கும்போது ஏர் கன்னை வைத்து அடித்தால், அந்த உலோகத் துண்டு ஷாஃப்டின் மரையை உழுதுகொண்டே வெளியே வரும். ஷாஃப்டை மாற்றாமல் பேரிங் மட்டும் மாற்ற வந்த வண்டி என்றால், அந்தக் காயத்தின் மேல்தான் புது நட்டும் ஏற வேண்டியிருக்கும்.

புது ஷாஃப்டை ஹப்புக்குள் நுழைப்பதற்கு முன், அதன் மரையையும் புது நட்டின் மரையையும் பிசுக்கு விடாத திரவத்தால் கழுவித் துடைத்தார். புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்டேன். முறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இறுக்கிப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. மற்றதெல்லாம் மரையிலும் நட்டின் முகத்திலும் உராய்வாகவே போய்விடுகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடிமானம் நிறைய மாறிவிடும். எண்ணெய் பட்டிருந்தால் அதே 216இல் அளவுக்கு மேல் இறுகும். துருவும் மண்ணும் இருந்தால் ரெஞ்ச் 216 என்று சொல்லும், ஆனால் நட்டு உண்மையில் இறுகியிருக்காது. பழைய நட்டைத் திரும்பப் போடுவதில் பலர் காணாத தவறும் இதுவே: ஒரு முறை அழுத்தம் தாங்கி நசுங்கிய மரை, புது மரை போல வழுக்கி ஏறாது.

பிறகு உதவிக்கு இருந்த பையன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, அண்ணன் முறுக்குவிசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சைப் போட்டு ஒரே சீராக இழுத்து, அது டிக் என்றதும் நிறுத்தினார். ஏர் கன் இந்த நட்டை முறுக்கத் தொடவே இல்லை. உடனே கழுத்தை மடக்கிவிடவும் இல்லை. ஹப்பைச் சுற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லை, கோணல் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே உளியை எடுத்தார். முதலில் மடக்கிவிட்டு, அப்புறம் ஏதோ குறை கண்டு கழற்ற நேர்ந்தால், அந்தப் புது நட்டும் அங்கேயே பழையதாகிவிடும் அல்லவா.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சாமான் ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கிறது. கியர் பெட்டிக்குள் நுழையும் அந்த முனையில் ஒரு சிறு பள்ளமும் அதில் உட்காரும் கம்பி வளையமும் உண்டு, சர்க்லிப் என்பார்கள். ஷாஃப்டைத் தள்ளும்போது அது சுருங்கி உள்ளே போய், பிறகு விரிந்து பூட்டிக்கொள்ளும். ஷாஃப்டை நெம்பி வெளியே எடுக்கும்போது இந்த வளையம் மறுபடியும் நசுக்கப்படுவதால், அதன் விரியும் தன்மை குறைகிறது. டொயோட்டா கையேடு இதையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாத சாமான்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. இங்கே புது வளையம் போட்டதோடு, அதன் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பி உள்ளே தள்ளினார்கள். பூட்டிக்கொண்டதா என்று பார்க்க, ஷாஃப்டின் நடுத்தண்டைப் பிடித்து இழுக்காமல் உள்பக்க ஜாயிண்டின் உடலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் மூன்று உருளைகள் தம் இடத்தைவிட்டு வெளியே வந்துவிடக்கூடும். கியர் பெட்டி ஆயில் சீலும் புதிது. வழிந்துபோன எண்ணெய்க்குப் பதில் அளவு பார்த்து ஊற்றினார்கள்.

இவ்வளவு கண்டிப்பான கடை என்றால் எல்லாவற்றையும் புதிதாக வாங்கச் சொல்லிப் பையைக் காலிசெய்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. எனக்கு இந்தப் பட்டறை பிடித்துப்போனதற்குக் காரணமே அவர்கள் மாற்றாமல் விட்டவைதான். ஷாக் அப்சார்பரை, ஹப்பைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் இரண்டு தடித்த போல்டுகளையும் அவர்கள் திரும்பப் போட்டார்கள். கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்து, நட்டைக் கையாலேயே அடிவரை சுழற்றிப் பார்த்து, தண்டில் இளைத்த இடமோ வளைவோ இருக்கிறதா என்று ஒரு நேர்க்கோலோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். கைவிரலால் ஏறி இறங்கும் மரை நல்ல மரை. இந்த வகை போல்டு முறுக்கும்போது வில்சுருள் போலச் சிறிது நீண்டு, கழற்றியதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். அதன் எல்லைக்குள் முறுக்கப்பட்டிருக்கும்வரை, துருப்பிடிக்காமல் இருக்கும்வரை, உற்பத்தியாளர் மாற்றச் சொல்லாதவரை, அதைத் தூக்கிப்போட ஒரு காரணமும் இல்லை. கழற்றுவதற்கு முன் அந்த இணைப்பில் வெள்ளைக் கோடு போட்டு வைத்து, திரும்ப அதே கோட்டில் பூட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதில் சிறிது விலகினாலும் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட் முனையில் இருக்கும், தலையில் பிளவுகள் உள்ள கோட்டை நட்டு பழையதேதான். அது சுழன்றுவிடாமல் குறுக்கே போகும் கோட்டர் பின் மட்டும் புதிது. கோட்டர் பின்னின் கால்களை ஒரு முறை விரித்து, நிமிர்த்தி, மறுபடியும் விரித்தால், வளைந்த இடத்தில் அது எப்போது வேண்டுமானாலும் ஒடியலாம். துளை நேராக வராதபோது நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் அடுத்த பிளவுக்குக் கொண்டுபோனார்; தளர்த்தவில்லை. தளர்த்தி நேராக்குவதை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். அது மிக எளிய வேலை, மிகக் கெட்ட வேலையும்கூட.

என் வண்டி வேலை நடந்துகொண்டிருந்தபோது நடுவில் ஒரு ஃபோக்ஸ்வாகன் வந்தது. அதே பூட் கிழிசல். அந்த வண்டியை அண்ணன் அன்று தொடவில்லை. அந்த வகைக் கார்களில் பலவற்றில் நடு நட்டையோ போல்டையோ முதலில் ஓர் அளவுக்கு முறுக்கி, அதன் பிறகு இத்தனை பாகை என்று கோணக் கணக்கில் மேலும் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பும்போது உலோகம் தன் எல்லையைக் கடந்து நிரந்தரமாக நீண்டுவிடும்படியே சிலவற்றை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த வகை போல்டுக்கு வாழ்வு ஒரே முறைதான். பார்ப்பதற்குப் புதிது போல இருந்தாலும் இரண்டாம் முறை அது அதே பிடிமானத்தைத் தராது. உரிய போல்டு கையில் இல்லை, ஈப்போவிலிருந்து வரவழைத்த பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்த வாடிக்கையாளருக்கு முகம் கொஞ்சம் சுளித்தது. இருக்கிறதை வைத்து ஒப்பேற்றிக் காசு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

இரும்புச் சாமான் கடையிலிருந்து அதே பருமனில் போல்டு வாங்கி வந்து நீட்டுகிறவர்களுக்கும் அவர் இடம் கொடுப்பதில்லை. போல்டின் தலையில் இருக்கும் எண்தான் அதன் தகுதி. 8.8 என்றால் ஏறக்குறைய 800 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமை, 10.9 என்றால் 1000. இரண்டும் ஒரே பருமன், ஒரே மரை என்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று உள்ளே போய்விடும், 10.9க்கு உரிய அளவில் 8.8ஐ முறுக்கினால் அது அங்கேயே நீண்டு கெட்டுப்போகும். நட்டின் உள்ளே நைலான் வளையம் வைத்த வகையைப் பற்றியும் ஒரு வரி: அந்த நைலானைப் போல்டின் மரை ஒரு முறை அறுத்துவிட்டால் பிடிப்பு குறையும், கைவிரலாலேயே கடைசிவரை சுழற்ற முடிந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது என்று பொருள்.

ஷாஃப்டை எங்கே வாங்குவது என்ற கேள்விக்கும் அவர் நேர்மையாகவே பதில் சொல்கிறார். ஜப்பானிலிருந்து அரை வண்டியாக வந்து அறுத்து விற்கப்படும் பழைய ஒரிஜினல் ஷாஃப்ட், உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் வேறு தயாரிப்பாளரின் புது ஷாஃப்ட் என்று இரண்டு வழி நமக்கு உண்டு. பழைய ஒரிஜினலின் உலோகம் நன்றாக இருக்கலாம்; ஆனால் அதோடு வரும் நட்டும் சர்க்லிப்பும் ரப்பர் பூட்டும் எத்தனை முறை கழன்றவை என்று யாருக்கும் தெரியாது, அவற்றைப் புதிதாகப் போட்டே தீர வேண்டும். ரப்பர் பூட்டைப் புதிதாகப் போட்டால் அதன் கிளாம்பும் புதிதாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் காது போன்ற மடிப்பை நெரித்து இறுக்கும் கிளாம்பை வெட்டாமல் கழற்ற முடியாது. புது ஷாஃப்ட் வாங்கினால் பெட்டிக்குள்ளேயே நட்டு வருவது வழக்கம். நான் புதியதைத் தேர்ந்தேன். இன்னும் டக் டக் சத்தம் வராமல் பூட் மட்டும் கிழிந்திருக்கிறவர்களுக்கு அவர் ஷாஃப்டை விற்பதில்லை. ஜாயிண்டைக் கழுவிப் பார்த்து, தடம் நன்றாக இருந்தால் கறுப்பு மாலிப்டினம் கிரீஸும் புது பூட்டும் போட்டு அனுப்பிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. பில் மிகச் சுருக்கமாக இருந்தது: ஷாஃப்ட், பேரிங், கூலி, அவ்வளவுதான். என்னென்ன நட்டு புதிது, எவை திரும்பப் போடப்பட்டவை, எந்த அளவுக்கு முறுக்கப்பட்டன என்று நான் கேட்டு எழுதி வாங்கினேன். இவ்வளவு கவனமாகச் செய்கிற வேலையை இவர்களே எழுதிக் கொடுக்கலாம்; அடுத்து அந்த வண்டியைத் தொடுகிற பட்டறைக்கும் அது பயன்படும். சக்கர நட்டுகளை முதலில் ஏர் கன்னால்தான் இறுக்கினார்கள். கேட்ட பிறகு டார்க் ரெஞ்சால் சரிபார்த்தார்கள். கேட்காமலே செய்திருக்க வேண்டும். சக்கர நேரமைப்பு இயந்திரம் இங்கே இல்லாததால், வெள்ளைக் கோட்டின் மேல் நம்பிக்கை இருந்தாலும், டவுனில் உள்ள டயர் கடையில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. நேரமும் கூடுதலாகும். மற்ற இடங்களில் மதியத்துக்குள் முடிகிற வேலை இங்கே மாலைவரை போகும்.

கூலி டவுன் விலையைவிடச் சற்றே அதிகம். ஆனால் நட்டு, சர்க்லிப், கோட்டர் பின் மூன்றுக்கும் சேர்த்து வந்த தொகை முப்பது ரிங்கிட்டைத் தாண்டவில்லை. அவற்றின் மேல் அவர் லாபம் வைத்ததாகவும் தெரியவில்லை. கழற்றிய சாமான்கள் எல்லாவற்றையும் ஒரு பழைய எண்ணெய் டின்னில் போட்டு என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க தம்பி. இல்லேன்னா இங்கேயே நெளிச்சுப் போட்டுடறேன், யாரும் எடுத்து மாட்டிடக் கூடாது" என்றார். வெடிப்பு விழுந்த அந்த வலது பக்க நட்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். நண்பர்கள் கேட்டால் காட்டுவதற்கு உதவுகிறது. வலது பக்க இரைச்சல் நின்றுவிட்டது, இடது பக்கச் சத்தமும் இல்லை.

பெரோடுவா, புரோட்டோன், டொயோட்டா, ஹோண்டா வண்டிகளுக்கு உரிய நட்டும் சர்க்லிப்பும் பெரும்பாலும் கடையிலேயே இருக்கின்றன. வேறு வண்டி வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஐரோப்பிய வண்டி வைத்திருப்பவர்கள், வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணையும் முன்கூட்டியே கொடுத்துச் சாமான் வந்ததை உறுதிசெய்துகொண்டு போகவும். வண்டியைத் தூக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருப்பதால், காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்வது நல்லது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.